கிணற்றுத் தண்ணீரை வடிகட்டிய டீச்சர்

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு தை மாதம். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கிறது எங்கள் வீடு. பின்பக்கப் போர்ஷனுக்கு ஒரு டீச்சர் குடும்பம் குடிவந்தது. வந்தவாசிப் பக்கத்துச் சமணர்கள். நயினார் என்று சொல்வோம்.

எங்கள் கிணறு என்றால் எனக்கு அப்படி ஒரு பெருமை. பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள்கூடக் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். அந்தத் தண்ணீரைப் போய், வந்த மறுநாளே டீச்சர் வெள்ளைத் துணியை மடித்துப் போட்டு வடிகட்டினார்! எனக்குச் சுருக்கென்றது. ஒரு நாள் இல்லை, தினமும். நாங்கள் என்ன சாக்கடையா குடிக்கிறோம்?

"அவங்க பழக்கம் இன்னாவோ, வுடேன்" என்றார் என் வீட்டுக்காரர். நானாவது விடுவதாவது! மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஜென்மம் நான். பத்தாம் நாள் காலை, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன்.

டீச்சர் கிணற்றடியில் இருந்தார். வடிகட்டிய துணியை ஒரு சின்ன வாளித் தண்ணீரில் அலசினார். பிறகு அந்த வாளியைக் கயிற்றில் கட்டி, அலுங்காமல் கிணற்றுக்குள் இறக்க ஆரம்பித்தார்.

"இன்னா டீச்சர் பண்றீங்க? எங்க தண்ணி அவ்ளோ மட்டமா?"

"ஐயையோ, தண்ணி தேன் மாதிரி இருக்குதுங்க. இதுல சின்னச் சின்ன உயிருங்க இருக்குமே, முழுங்கிடக் கூடாதுன்னுதான் வடிகட்டுறேன். துணியில ஒட்டினதைத் திரும்ப அதுங்க வீட்லயே வுட்டுடறேன்."

"அதுக்கு மேலருந்தே ஊத்திடலாமே?"

"அவ்ளோ ஒசரத்துலருந்து வுழுந்தா அடிபடாதாங்க?"

நிஜமான கவலையோடு கேட்டார். கண்ணுக்கே தெரியாத பூச்சியைக்கூட அதன் வீட்டை விட்டுத் துரத்த மனசில்லாதவரை, வீட்டை விட்டுத் துரத்த அல்லவா நான் வந்திருக்கிறேன்!

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வந்த விஷயத்தை அப்படியே போட்டு உடைத்தேன். டீச்சரும் சிரித்த சிரிப்பில் வாளி ஆட, "அடிபடும், அடிபடும்!" என்று நானே பாய்ந்து கயிற்றைப் பிடித்தேன். இரண்டு பேருமாகப் பத்திரமாக இறக்கினோம். அவர்கள் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

கோபம் இப்போதும் எனக்கு ஜாஸ்திதான். ஆனால் யாரையாவது திட்ட வாயெடுக்கும்போது, எதிரில் இருப்பவருக்கும் அடிபடுமே என்று தோன்றி, வார்த்தையைக் கொஞ்சம் மெதுவாகத்தான் இறக்குகிறேன்.