இருபத்தொரு அடி தள்ளி ஒரு வாய்க்கால்

நில அளவை அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் தொங்கும் என்பது பாதிக் காரணம். யார் என்ன சொன்னாலும் "எங்க, காட்டுங்க பாப்போம்" என்று கிட்டே வந்து நின்றுவிடுவாள் என்பது மீதி. மேலதிகாரி ஒருமுறை விடுப்புக்காகத் தனக்குக் காய்ச்சல் என்று சொன்னபோது நெற்றியில் கை வைத்துப் பார்த்தவள் அவள். அந்த வருஷம் சம்பள உயர்வு தள்ளிப்போனதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருபத்திரண்டு வயதில் படி எடுக்கிறவளாகச் சேர்ந்தாள். பழைய வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, கோடு மாறாமல் மையால் இழைப்பது வேலை. கணினி வந்ததும் அந்த வேலை போயிற்று. அவளை மாடியில் பின்பக்கமிருந்த வரைபட அறைக்குப் பொறுப்பாக்கினார்கள். ஓரங்கட்டுவதாக நினைத்துத்தான் செய்தார்கள். அவளுக்கோ பதினோரு இரும்பு அலமாரி, நாலாயிரத்துச் சொச்சம் தாள், கேள்வி கேட்க ஆளில்லை. இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவதொரு பழைய வரைபடத்தின் நகலை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். நேராகப் போக வேண்டிய தெரு ஏன் காரணமில்லாமல் வளைகிறது? வரிசையில் ஒரு வீடு மட்டும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது? நடுத்தெருவில் நின்று தாளையும் தரையையும் மாறி மாறிப் பார்ப்பாள். பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவது அவள் காதில் ஏறாது. தெரு வளைந்தது ஒரு காலத்தில் அங்கே இருந்த குளத்தின் கரையைச் சுற்றிக்கொண்டு போனதால்தான் என்று தெரிந்துவிட்டால், அன்றைக்கு அவளைக் கையில் பிடிக்க முடியாது.

அவளுக்கு ஒரே தம்பி. பஸ் கண்டக்டர். கல்யாணம் வேண்டாமென்று ஒற்றைக் காலில் நின்ற அக்காவைத் தன் வீட்டு மாடியறையில் வைத்துக்கொண்டிருப்பவன். உண்மையில் யார் யாரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் இரண்டு பேருக்கும் வேறு வேறு கருத்து. இருபது வருஷத்துக்கு முன் அந்த வீட்டுக்குப் பிளான் வரைந்தவள் அவள்தான். அடுப்படி எந்தப் பக்கம், ஜன்னல் எத்தனை அடி என்று ஒவ்வொரு கோடும் அவள் போட்டது.

வீட்டு வாசலுக்கு எதிரேயே பஸ் நிறுத்தம். அதற்குப் பெயர் பாலம். சுற்றுவட்டாரத்தில் பாலமும் கிடையாது, பாலத்துக்கு அடியில் ஓட ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது. தம்பி ஒரு நாளைக்கு எட்டு தடவை "பாலம், பாலம்லாம் எறங்கு" என்று கத்துவான். புதுப் பயணி யாராவது "பாலம் எங்கங்க இருக்கு?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், நானா கட்டுனேன்? எறங்குங்க" என்பான். அக்காவுக்கு இது வருஷக்கணக்காக உறுத்திக்கொண்டிருந்தது. ஆனால் ஊரெல்லாம் துருவுகிறவள் சொந்த வாசலை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தாள். நாமெல்லாம் அப்படித்தானே.

அந்த வருஷத்து மழைக்குப் பிறகு அடுப்படிச் சுவர் வாயைப் பிளந்தது. ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து தரைவரை சாய்வாக ஒரு விரிசல். முதலில் மயிரிழை. பிறகு கரண்டிக்காம்பு நுழைந்தது. தம்பி மனைவி அதில் காகிதத்தைச் சுருட்டி அடைத்து, மேலே காலண்டரை மாட்டினாள்.

தம்பி யோசிக்கக்கூட இல்லை. விரிசலுக்குக் காரணம் பக்கத்து வீட்டுத் தையற்காரர் என்றான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கீழ்க்கடையில் வெளிச்சம் போதாமல் ஊசியில் நூல் கோர்க்கவே திண்டாடிக்கொண்டிருந்த மனிதர், போன வருஷம்தான் மாடியில் பெரிய ஜன்னல் வைத்து ஓர் அறை எழுப்பியிருந்தார். "அவர் ஏத்துன பாரம்தான் நம்ம சுவர இழுக்குது" என்று தம்பி நகராட்சிக்கு மனு எழுதிப் போட்டான். மனுவில் சொன்னது நிரூபணமானால் மாடியறையை இடித்தாக வேண்டும். வியாழக்கிழமை காலை என்ஜினியர் நேரில் வந்து பார்ப்பதாகக் கடிதம் வந்தது. இருபது வருஷமாக "அண்ணே" என்று கூப்பிட்ட மனிதரைத் தம்பி இப்போது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

"உன் ஆபீஸ்ல ஏதாச்சும் ஆதாரம் கெடைக்குமாக்கா?" என்று அவன் கேட்டதுதான் தாமதம், அவளுக்குக் கை பரபரத்தது.

ஏழாம் அலமாரியில், மூன்றாவது இழுப்பறையில் அது இருந்தது. நூற்றுப்பத்து வருஷத்து வரைபடம். பின்பக்கம் துணி ஒட்டிய தடித்த தாள். ஒரு மூலையில் டீ கொட்டியது போல் கறை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். அவர்கள் தெருவை வெட்டிக்கொண்டு ஒரு வாய்க்கால் போகிறது! தெருவும் வாய்க்காலும் சந்திக்கும் இடத்தில் இரண்டு சின்ன வளைகோடுகள், பாலத்துக்கான குறி. அடுத்து வந்த வரைபடத்தில் வாய்க்காலும் இல்லை, பாலமும் இல்லை. தூர்த்துவிட்டு மனை பிரித்திருந்தார்கள். போனது போக, பாலம் என்ற பேச்சு மட்டும் ஜனங்கள் வாயில் தங்கிவிட்டது.

தெருமுனையில் தபால் நிலையச் சுவரோடு ஒட்டி ஓர் எல்லைக்கல் உண்டு. அது பழைய படத்திலும் இருக்கிறது, இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. அதிலிருந்து வாய்க்கால் எத்தனை அடி என்று பார்த்தால் தீர்ந்தது. 'அங்குலத்துக்கு நூறு அடி' என்று தலைப்பில் எழுதியிருந்தது. அந்தக் கணக்குக்கென்றே அடி குறித்த இரும்பு ஸ்கேல் ஒன்று மேசையிலேயே கிடந்தது. வைத்தாள், படித்தாள். எண்ணூற்று இருபது அடி. அது தையற்காரர் வீட்டுக்கு நடுமத்தியில் விழுந்தது.

ஆக, தையற்காரர் வீடு நிற்பது தூர்த்த மண்ணில். அதன் மேல் மாடி ஏற்றினால் இறங்காமல் என்ன செய்யும்? இறங்கும்போது பொதுச்சுவரையும் கூட இழுக்கும். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அவள் எழுதிக் கையெழுத்துப் போட்ட குறிப்பைத் திங்கட்கிழமையே மனுவோடு சேர்த்துவிட்டு வந்தான். "பாத்தியா, எங்கக்கா பூமிக்குள்ள இருக்கறதக்கூடப் படிச்சிடும்" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டான்.

செவ்வாய் சாயங்காலம் அவள் தையற்கடைக்குப் போனாள். வரைபட அறைக்கு ஜன்னல் திரை தைக்கக் கொடுத்திருந்தாள். அவருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரிடமே போய் நிற்பது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட வேறொன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது. நுழைந்ததும் கண் சுவர்களைத்தான் மேய்ந்தது. ஒரு கீறல் இல்லை. அடியில் சேறு இருக்கிற வீட்டுச் சுவர் இப்படியா நிற்கும்?

"திரை நாளைக்குத்தான் தங்கச்சி ஆகும்" என்றார் தையற்காரர். "இன்னிக்குத்தான் துணிய ஊறப் போட்டேன்."

"புதுத் துணிய எதுக்குண்ணே ஊறப் போடறீங்க?"

"தண்ணி பட்டா சுருங்கற ரகம் இது. மொதல்லயே சுருங்க விட்டுட்டு வெட்டணும். தைச்சு மாட்டுனப்புறம் சுருங்கிச்சுன்னா, நான் டேப்பு வச்சு சரியாத்தான் அளந்தேன்னு சொன்னா ஜன்னல் ஒத்துக்குமா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூலையிலிருந்த அந்தக் கறை! ஒரு மழைக்காலத்தில் வரைபட அறைக் கூரை ஒழுகி ஏழாம் அலமாரி நனைந்ததும், அந்தத் தாள்களைத் தன் கையாலேயே காற்றாடிக்கு அடியில் விரித்துக் காயவைத்ததும் ஞாபகம் வந்தன. "ஏம்மா, ஒரு மாதிரி ஆயிட்ட? தண்ணி குடிக்கிறியா?" என்று தையற்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

வரைபட வேலைக்கு வந்த முதல் நாளிலேயே சொல்லிக் கொடுக்கிற விஷயம் இது. தாள் சுருங்கும், விரியும். அதனால்தான் படம் வரைகிறவர்கள் அடியில் ஓர் அளவுக்கோடும் வரைந்து வைப்பார்கள். தாள் சுருங்கினால் கூடவே அந்தக் கோடும் சுருங்கும், எனவே அதை வைத்து அளந்தால் தப்பு வராது. எழுதி வைத்த எண்ணை நம்பி ஸ்கேலை வைக்கிறவன் மடையன் என்று அவளே எத்தனையோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறாள். இந்தத் தடவை ஸ்கேல் காட்டியது அவளுக்கு வேண்டிய பதிலாக இருந்தது. அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

புதன்கிழமை அலுவலகம் திறந்ததும் முதல் வேலையாகப் படத்தின் அடிப்பகுதியைப் பார்த்தாள். ஆயிரம் அடிக்கான கோடு பத்து அங்குலம் இருக்க வேண்டும். ஒன்பதே முக்கால்தான் இருந்தது. கால் அங்குலம் காணவில்லை. கணக்குப் போட்டாள். எண்ணூற்று இருபது, எண்ணூற்று நாற்பத்தொன்று ஆயிற்று. வாய்க்கால் இருபத்தொரு அடி தள்ளிப் போய்விட்டது.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நீள டேப்பின் நுனியைச் செங்கல்லால் அமுக்கி அமுக்கி, எல்லைக்கல்லிலிருந்து தானே ஒற்றையாளாக அளந்துகொண்டு வந்தாள். எண்ணூற்று நாற்பத்தொன்று அவள் வீட்டு வாசலில் வந்து நின்றது. உள்ளே நேர்க்கோடு பிடித்தால் அடுப்படி. இப்போது பார்த்தால் எல்லாமே தெரிகிறது. மழைத் தண்ணீர் தேங்குகிற பள்ளம் சரியாக அவர்கள் வாசலுக்கு முன்னால்தான். எதிரே, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலிருந்த மதில்சுவரிலும் அதே சாய்வில் ஒரு விரிசல். தம்பி வீடு நிற்பது தூர்த்த மண்ணில். அதே சமயம், நூற்றுப்பத்து வருஷத்துக் கோடு ஒன்று தரையில் எழுந்து நிற்பதைப் பார்த்த சந்தோஷமும் உள்ளே துள்ளியது. அந்தச் சந்தோஷத்துக்காக அவள் வெட்கப்பட்டாள்.

சாயங்காலம் தம்பி சட்டையைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"நாளைக்குக் காலைல என்ஜினியர் வரான். இப்ப வந்து மாத்திச் சொல்றியே, நீ யார் பக்கம்?"

"நான் வாய்க்கால் பக்கம்டா. அது நம்ம அடுப்படிக்குக் கீழ இருக்கு. அந்த மனுஷர் மேல ஒரு தப்பும் இல்ல."

"வாயத் தொறக்காம இருந்தா யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

அவன் குரல் ஏறியது. அவள் ஏற விடவில்லை. "தப்பு பண்ணது நான். திங்கக்கெழம போட்ட தப்பு மட்டும் இல்ல. இருபது வருஷத்துக்கு முன்னாடி இந்த வீட்டுக்குப் பிளான் போட்டவ நான்தான். அந்த அலமாரி என் மேசையிலேர்ந்து நாலு எட்டு. ஊர்ல எவன் வீட்டுக்கடியில என்ன இருக்குன்னு பாத்தேனே, உன் வீட்டுக்கடியில பாத்தேனா? நீ வாங்குன மனை, நல்ல மனைதான்னு நெனச்சுட்டேன்டா." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தம்பிக்கு முன்னால் அவள் அழுதது அவர்கள் அம்மா போன அன்றைக்கு. அதற்குப் பிறகு இப்போதுதான்.

அவன் எழுந்துபோய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினான்.

காலையில் என்ஜினியர் வந்தபோது தம்பி கையில் கடப்பாரையோடு நின்றான். "எங்கக்கா ரெண்டு தடவ ரெண்டு விதமாச் சொல்லுதுங்க. எது நெசம்னு தோண்டிப் பாத்துடுவோம்" என்றான்.

"என் அடுப்படியவா?" என்று அலறிய மனைவி, விரிசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாத்திரங்களை எடுக்க ஆரம்பித்தாள். "தோண்டுறதுதான் தோண்டுறீங்க, மேடையையும் கொஞ்சம் ஒசத்திக் கட்டிக் குடுத்துடுங்க. அண்ணி, நீங்கதான் பிளான் போடணும்" என்றாள். அந்த நேரத்திலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டடிக்கு உடைந்த செங்கல்லும் ஓட்டுச்சில்லும். மூன்றடியில் கடப்பாரை தானாக இறங்கியது. நாலடியில் கறுத்த, ஈரமான வண்டல் மண். தம்பி ஒரு கை அள்ளி உள்ளங்கையில் பிசைந்தான். மண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாக, நகத்தளவு நத்தைக் கூடுகள் உதிர்ந்தன. ஒன்றைத் துடைத்து அக்காவிடம் நீட்டினான். அவள் பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியைத் தூக்கினாள். நல்ல தண்ணீர் நத்தை, வாய்க்காலில் வாழ்கிற ரகம்.

என்ஜினியர் ஏதோ எழுதிக்கொண்டே, அஸ்திவாரத்துக்கு அடியில் தூண் இறக்கிவிட்டால் வீடு நிற்கும், பயப்பட வேண்டாம் என்றார். தம்பி அதைக் கேட்டானா தெரியவில்லை. சேற்றுக் கையோடு வாசலுக்குப் போனான். தையற்காரர் தன் படியில் டேப்பைக் கழுத்தில் போட்டபடி, என்ன தீர்ப்பு வருமோ என்று வெளிறிப்போய் நின்றிருந்தார்.

"அண்ணே" என்றான் தம்பி. அவர் "கையக் கழுவுப்பா" என்று மட்டும் சொல்லி, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். மனுவை அன்றைக்கே திரும்ப வாங்கிவிட்டார்கள். தன் குறிப்பைத் திருத்தி, தப்பு எப்படி நேர்ந்தது என்பதையும் அடியில் எழுதி, அவள் மறுபடி கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் ஒருநாள் அலுவலகம் முடிந்து அவள் தம்பியின் பஸ்ஸிலேயே வீடு திரும்பினாள். அக்காவாக இருந்தாலும் டிக்கெட் கிழிக்காமல் விடமாட்டான், கிழித்தான். நிறுத்தம் நெருங்கியது. "பாலம், பாலம்லாம் எறங்கு."

கையில் பையோடு ஊருக்குப் புதிதான ஒரு பெரியவர் குனிந்து வெளியே பார்த்தார். "பாலம்னீங்க. பாலத்தையே காணோமே தம்பி?"

தம்பி வாயெடுத்தான். வழக்கமான பதில் வரப்போகிறது என்று அக்கா நினைத்தாள். அவன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மண் குவிந்து கிடந்த தன் வீட்டைக் கை நீட்டிக் காட்டினான்.

"அதோ அந்த வாசல்லதாங்க பாலம் இருந்துச்சு. வாய்க்கால் அப்படியே எங்க அடுப்படி வழியாப் போயிருக்கு. சந்தேகம்னா அக்காவக் கேளுங்க, அவங்களும் இங்கதான் எறங்குறாங்க."