இருபத்து மூன்றாம் பெட்டி

பல்கலைக்கழக நூலகத்தின் தரைத்தளத்தில் இருக்கும் சொற்பொழிவு அரங்கத்தில் நூற்று இருபது நாற்காலிகள். அதில் எது கிறீச்சிடும், எதன் கால் ஆடும் என்பது அக்காவுக்கு அத்துப்படி. பத்தொன்பது வருடமாக மைக், திரை, ஒலிப்பதிவு, பேச்சாளருக்குத் தண்ணீர் எல்லாம் அவள் பொறுப்பு. இயக்குநரம்மாவிலிருந்து காவலாளி வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். உண்மையில் அப்படிக் கூப்பிடப் பிறந்தவன் ஒருவன்தான். அவன் போன வருடம் போய்விட்டான்.

தம்பிக்கு அதே கட்டடத்தின் பின்பக்கம் பைண்டிங் பிரிவில் வேலை. பழைய நாளிதழ்களைத் தைத்து அட்டை போடுவான். கழித்துக் கட்டிய காகிதங்களுக்கு நடுவே அந்தக் காலத்துச் சொற்பொழிவு நோட்டீஸ்கள் கிடைக்கும். எந்த மண்டபத்தில், யார், எதைப் பற்றிப் பேசுகிறார், அனுமதி இலவசம், குழந்தைகளைக் கூட்டி வர வேண்டாம் என்று அச்சடித்த கையகலத் தாள்கள். மற்றவர்களுக்கு அது குப்பை. அவன் இருபது வருடம் வீட்டுக்குச் சுமந்து வந்தான். கையில் அகப்பட்ட அட்டைப்பெட்டிகளில் கட்டுக் கட்டாக அடுக்கி, பெட்டிக்கும் கட்டுக்கும் எண் போட்டு, ஒவ்வொரு நோட்டீஸையும் அந்த எண்ணோடு வரி விடாமல் நான்கு தடித்த நோட்டுகளில் எழுதி வைத்தான். "ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கடா" என்று அக்கா சொன்னால், "அவ வந்தா எங்க படுப்பாக்கா? மேல பெட்டி, கீழ பெட்டி" என்பான்.

அந்த நோட்டுகளை வரலாற்றுப் பேராசிரியர் கேள்விப்பட்டு, "ரெண்டு வாரத்துல தரேம்ப்பா" என்று வாங்கிப் போனார். மூன்று வருடம் ஓடியது. தம்பி கேட்கப் போன போதெல்லாம் துறை வாசலில் காத்துக் கிடந்துவிட்டுத் திரும்பினான். கடைசியாகப் போன அன்று அவர், "எந்த நோட்டு?" என்றாராம். அதை வீட்டில் சொல்லிவிட்டுத் தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பை அக்காவால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இரண்டு மாதத்தில் மாரடைப்பு. நெஞ்சுவலிக்கும் நோட்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்வார். அக்கா டாக்டரைக் கேட்கவில்லை.

இப்போது பேராசிரியரின் புத்தகம் வந்துவிட்டது. நகரத்து மேடைகளின் நூறு வருடக் கதை. வெளியீட்டுச் சொற்பொழிவு அக்காவின் அரங்கத்திலேயே.

அன்று காலை திரையைச் சோதிக்கும்போதுதான் பார்த்தாள். ஒரு பழைய நோட்டீஸின் வாசகம். அதன் அடியில் பொடி எழுத்தில், 'பெட்டி 23, கட்டு 4.'

நூலகத்தில் பெட்டி என்ற சமாச்சாரமே கிடையாது. ஆவணப் பிரிவில் எல்லாம் கோப்புகள். இருபத்து மூன்று என்பது அவள் வாங்கிய பிரஷர் குக்கர் வந்த அட்டைப்பெட்டி. தம்பியின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நோட்டை எழுதியவன் நூலக ஊழியன் என்பதால், அதிலிருப்பது நூலகத்து எண் என்று நினைத்து மனிதர் அப்படியே இறக்கி வைத்திருக்கிறார்.

"என்னம்மா, படம் தெரியுதா?" என்றார் பேராசிரியர், பின்னாலிருந்து.

"பளிச்சுன்னு தெரியுது சார். கீழ இருக்கற பொடி எழுத்துகூட."

"அப்ப சரி."

அந்த அரங்கத்தில் ஒரு விதி உண்டு. முன்பெல்லாம் பார்வையாளர்கள் எழுதித் தரும் கேள்விச் சீட்டுகளைப் பேச்சாளரே படிப்பார். பிடிக்காத சீட்டு சட்டைப்பைக்குள் போய்விடும். ஒருமுறை அது கைகலப்பாகிவிட, இயக்குநரம்மா கட்டளை போட்டார்: சீட்டுகளை அக்காதான் படிக்க வேண்டும், எழுதியபடியே, பெயர் சொல்லாமல். ஒலிப்பதிவையும் வெட்டாமல் வெளியிட வேண்டும். நாலு வருடமாக அக்கா படிக்கிறாள். படிக்கிறவள் சீட்டு எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. பேராசிரியர் ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினார். கைதட்டல் அடங்கியதும் அக்கா தன் மேசை மைக்கில் முதல் சீட்டைப் படித்தாள்.

"பெட்டி இருபத்து மூன்றை நேரில் பார்க்க விரும்புகிறேன். எங்கே பார்க்கலாம்?"

"அருமையான கேள்வி!" பேராசிரியர் முகம் மலர்ந்தார். "வேற எங்க? இந்த நூலகத்து ஆவணப் பிரிவுலதான். நாள் கணக்கா அங்க உக்காந்து, தூசியில தும்மித் தும்மிப் பாத்தேன். ஆராய்ச்சின்னா சும்மாவா!"

சிரிப்பு எழுந்தது. சிரிக்காதவர் ஒருவர்தான்: மூன்றாம் வரிசையில் இருந்த ஆவணப் பிரிவு அதிகாரி. தன் அலமாரியில் யார் மூச்சு விட்டாலும் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்கிற அம்மாள். விருட்டென்று எழுந்துவிட்டார்.

"சார், எங்ககிட்ட பெட்டியே கிடையாது. எல்லாம் கோப்பு. நாளைக்கு யாராவது வந்து பெட்டியக் காட்டுன்னா நான் எங்க போவேன்? அப்புறம் இன்னொண்ணு, எங்க பிரிவுல தூசியும் கிடையாது."

இப்போது வேறு மாதிரிச் சிரிப்பு. அக்கா அடுத்த சீட்டை எடுத்தாள்.

"பெட்டி இருபத்து மூன்று, குக்கர் வந்த அட்டைப்பெட்டி. காலமான பைண்டரின் வீட்டில், அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தாங்கள் அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. எங்கே உட்கார்ந்து தும்மினீர்கள்?"

பேராசிரியர் அவள் மேசைக்கு வந்தார். பழக்கதோஷத்தில் மேசை மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். தன் சட்டைக் காலரில் அக்காவே குத்திவிட்ட மைக்கை மறந்துபோனார்.

"நீ அந்தப் பையனோட அக்காவா? சொல்லவே இல்லையே. இங்க பாரும்மா, நோட்டு நாலும் பத்திரமா இருக்கு. நாளைக்கே குடுத்து அனுப்பறேன். அவன் பேரையும் எங்கயாவது போட்டுடலாம். இப்ப மானத்த வாங்காம அடுத்த சீட்டுக்குப் போ."

ஒவ்வொரு சொல்லும் நான்கு ஒலிபெருக்கிகளிலும் விழுந்தது. ஒலியைக் குறைக்கிற திருகு அக்காவின் வலது கைக்கடியில்தான் இருந்தது. அவள் அதைக் கொஞ்சம் கூட்டியிருந்தாள்.

"சார்," என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "காலர் மைக் ஓடிட்டிருக்கு."

மறுநாள் இயக்குநரம்மா கூப்பிட்டு, "அந்த ஆறு நிமிஷத்த மட்டும் எடுத்துடலாமா அக்கா?" என்றார்.

"எடுத்துடலாம்மா. வெட்டச் சொல்லி நீங்க எழுத்துல குடுத்துடுங்க."

இயக்குநரம்மா பேனாவை எடுத்தார், மூடினார். "போங்க, போய் வேலையப் பாருங்க."

நோட்டுகளும் வந்து சேர்ந்தன. மனம் ஆறிவிடும் என்று அக்கா நினைத்திருந்தாள். பிரித்தால், தம்பியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் சரிக்குறிகள். சில இடத்தில் 'நன்று'. மாணவனின் தேர்வுத்தாளைத் திருத்துகிற மாதிரி. ஒரு பக்கத்தில் 'கையெழுத்து மோசம்' என்றுகூட இருந்தது. ஆறியிருந்த கொஞ்சமும் கொதித்துவிட்டது.

அடுத்த வாரம் இயக்குநரம்மா முன் ஒரு விண்ணப்பத்தை வைத்தாள். நோட்டீஸ்களைக் காட்சிக்கு வைத்து ஒரு சொற்பொழிவு. பேசுபவர், அவளே.

"தலைமை?"

"பேராசிரியர்தான். அவரவிட்டா இதுக்கு யாரும்மா இருக்காங்க?"

இயக்குநரம்மா, "நீங்க சாமானியப்பட்ட ஆள் இல்ல" என்று கையெழுத்துப் போட்டார். வெட்டாத ஒலிப்பதிவு அதற்குள் ஊரெல்லாம் சுற்றியிருந்தது. வரமாட்டேன் என்றால் ஓடி ஒளிந்ததாகிவிடும். பேராசிரியர் சம்மதக் கடிதம் அனுப்பினார்.

அன்று நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். அக்கா முதல் தடவையாக மேடையில் ஏறி, முதலாம் பெட்டியைத் திறந்து, தம்பி எழுதியிருந்தபடி ஒவ்வொரு தாளாகக் காட்டிப் பேசினாள். பக்கத்துத் தலைமை நாற்காலியில் பேராசிரியர் மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தால் கூட்டம், குனிந்தால் பெட்டி.

முடிக்கும்போது அக்கா அவர் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு சொன்னாள்.

"மொத்தம் நாப்பத்தோரு பெட்டி இருக்கு. மாசத்துக்கு ஒண்ணா பிரிக்கலாம்னு இயக்குநரம்மா அனுமதி குடுத்திருக்காங்க. எல்லாக் கூட்டத்துக்கும் சாரே தலைமை தாங்கணும்னு சபை சார்பா கேட்டுக்கறேன்."

அரங்கம் அதிரக் கைதட்டியது. பேராசிரியர் கூட்டத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கோத்திருந்த கைகளைப் பிரித்து அவரும் தட்டத் தொடங்கினார்.