பழுப்பு நிறப் பேன்ட்

சித்திரைக்குளத்தை ஒட்டிய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பதினெட்டு வருஷமாகப் பாடம் சொல்பவள் ஜானு. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் ஓர் எழுத்து பிசகாது. அந்த விரல்கள்தான் 1997 ஆடி மாதத்துச் சனிக்கிழமை, வெறும் கொடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டன.

“ஜானு, நேத்து போட்டுண்ட பேன்ட் எங்கே? அதுலதான் பேஜர் இருக்கு.”

கணவன் ஸ்ரீவத்சனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து ஒன்றரை வருஷம். மூளைச்சாவு அடைந்த எவருடைய சிறுநீரகமாவது பொருந்தும் என்று தோன்றினால் ஆஸ்பத்திரி பேஜரில் கூப்பிடும். அரை மணிக்குள் பதில் போன் வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர். வீட்டில் போன் கிடையாது. அவருடைய பாங்க் நண்பர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த அந்தச் சின்னப் பெட்டியைத்தான் இருவரும் உயிராக நம்பியிருந்தார்கள்.

முந்தின நாள் டயாலிசிஸுக்குப் போனபோது பழுப்பு நிறப் பேன்ட் இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜானுவால் அதைத் தாங்க முடியவில்லை. இன்று காலை பத்து மணிக்குப் பாத்திரக்காரி கன்னியம்மா தெருவில் குரல் கொடுத்தபோது அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய தொளதொள பேன்ட்டுகளையெல்லாம், அந்தப் பழுப்பையும் சேர்த்துப் போட்டு, ஓர் எவர்சில்வர் தூக்கு வாங்கிவிட்டாள். பாக்கெட்டுகளைத் துழாவித்தான் கொடுத்தாள். நழுவாமலிருக்க இடுப்புப் பட்டையின் உட்பக்கம் அவர் பேஜரை மாட்டியிருந்தது அவளுக்குத் தெரியாது.

ஸ்ரீவத்சன் திட்டவில்லை. “போனாப் போறது, விடு” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளைப் பயமுறுத்தியது. இவர் விட்டுவிடத் தயாராகிவிட்டாரா?

செருப்புக்கூடப் போடாமல் தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடினாள். பூத்துக்காரர் மெஹபூப் பாஷாவிடம் பேஜர் நம்பரைச் சொல்லி, ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் ஏதாவது செய்தி அனுப்பச் சொன்னாள். பேஜர் கத்தினால்தானே மூட்டை அகப்படும். கடிகாரத்தில் மணி பதினொன்று பதின்மூன்று. “நீங்க போங்கம்மா, நான் வுடாம அடிக்கிறேன்” என்றார் அவர்.

இஸ்திரி வண்டிக்காரர் மந்தைவெளிப் பக்கம் கையைக் காட்டினார். சந்து சந்தாக நுழைந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று காதைத் தீட்டினாள். குக்கர் விசில், ரேடியோ, சைக்கிள் மணி. அவளுக்கு வேண்டிய சத்தம் மட்டும் இல்லை. கணவன் வெள்ளைத் துணிக்குள் கிடப்பதுபோல் ஒரு காட்சி வந்து வந்து போயிற்று.

நாலாவது சந்தில், வேப்பமர நிழலில் கூடையை இறக்கி வைத்திருந்தாள் கன்னியம்மா.

“இன்னாமா, துணிய திருப்பிக் கேக்க வன்ட்டியா? தூக்கு வாங்கிக்கினு போனப்போ நல்லாத்தானே போனே?”

ஜானு பதில் சொல்வதற்குள் மூட்டைக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் எழுந்தது. கன்னியம்மா எட்டி நகர்ந்தாள்.

“இத்தோட நாலாவது தபா கத்துது. மொதல்ல கத்தினப்போ நான் கொளத்தாண்டதான் இருந்தேன். எலி பூந்துக்கினு கீதுன்னு நென்ச்சேன்.”

நாலாவது தடவையா? பாஷா இதுவரை மூன்று தடவைதானே அனுப்பியிருக்க முடியும்?

மூட்டையைப் பிரித்துப் பேஜரை உருவினாள். திரையில் மூன்று செய்திகள் பாஷாவுடையவை. அவற்றுக்கு முன்னால் ஒன்று, ஆஸ்பத்திரியிலிருந்து. நேரம் பத்து ஐம்பது. இப்போது பதினொன்று இருபத்தைந்து.

எப்படித் திரும்பி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. பழுப்புப் பேன்ட் தோளில் கிடந்தது. பூத்தில் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிப் பெண் வருத்தத்தோடு சொன்னாள்: அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டோம், செங்கல்பட்டுக்காரர், இங்கேயே தங்கியிருக்கிறார், காரில் கிளம்பிவிட்டார், நீங்களும் வாருங்கள், யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்குத்தான் முதல் சோதனை.

ஈஸ்வரா, அந்தக் கார் வழியில் நின்றுபோகட்டும்.

நினைத்த மாத்திரத்தில் ஜானுவுக்கு உடம்பு சில்லிட்டது. அந்தக் காரிலும் ஒருத்தி கணவன் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பாளே! ஆனாலும் வேண்டுதலைத் திரும்பப் பெற அவளுக்கு மனம் வரவில்லை.

பாஷா பிடித்து வந்த ஆட்டோ வாசலில் உறுமியது. எழுந்து நின்ற ஸ்ரீவத்சனுக்கு அந்தப் பேன்ட்டையே மாட்டிவிட்டாள்.

“என்னை நம்பிப் பேஜரைக் குடுக்காதீங்கோன்னா” என்றாள் அழுகையினூடே.

“உன்னைத் தவிர யார்கிட்ட குடுப்பேன்?”

ஊக்கு இரண்டு தடவை அவள் விரலில் குத்தியது. மூன்றாவது தடவைதான் துணியில் இறங்கியது.