முடிச்சுப் போட்ட கொடிக்கயிறு

செம்பூர் பாலத்தில் ஏறும்போது டேஷ்போர்டுக்குள்ளிருந்து கருகல் வாடை வந்தது. முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. தாராவியில் இருப்பவனுக்குப் பிளாஸ்டிக் கருகும் வாடை புதிதல்ல. வண்டியில் ஏற்றியிருந்ததும் பிளாஸ்டிக் 'தானா'தான். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி அரிசி போல நறுக்கிய மணிகளுக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர். மூட்டைகளின் வாடையாக இருக்கும் என்று நினைத்தேன். முழங்காலில் சூடு பட்டு, கண்ணாடி முழுக்கப் புகை அடைத்த பிறகுதான் வண்டியை ஓரம் கட்டி பேட்டரி வயரைப் பிடுங்கினேன். பின்னால் அணுசக்தி நகருக்குப் போகும் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. வழி இருக்கிறது, போங்கள் என்று கைகாட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

தெரிந்த வண்டி ஒன்றில் கட்டி இழுத்துக்கொண்டு பாய் பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். பாய் தென்காசிப் பக்கத்துக்காரர், என் வயதுதான். லாரிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவர். டேஷ்போர்டைக் கழற்றியதும் சிரித்துவிட்டார்.

"எலி குடும்பம் நடத்தியிருக்கு ஓய். வாடகையாவது வாங்குனீரா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது. முன்னாலருந்து பின்னால வரைக்கும் மொத்த வயரிங் செட்டும் மாத்தணும். வண்டியும் பழசு. சரியான செட்டு கெடச்சா மாட்டித் தாரேன். கெடைக்காட்டி ஒடைக்கக் குடுத்துரும்."

உடைக்கக் கொடுப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த வண்டி வருவதற்கு முன் நான் பிறர் வண்டி ஓட்டினேன். காலையில் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் நின்று, இன்று வண்டி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு அது ஒரு வார்த்தை. எனக்கோ அந்த ஒரு வார்த்தை வாயில் வராது. பல நாள் கேட்காமலே திரும்பியிருக்கிறேன். சொந்தமாக இந்தப் பழைய வண்டி வந்த பிறகு அந்தத் தொல்லை விட்டது. பிவண்டிக்குப் போய், மூட்டையை இறக்கி, திரும்பி வந்துவிடலாம். கேபினுக்குள் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். வண்டி போனால் நான் மறுபடியும் அந்த வாசலில் நிற்க வேண்டும்.

பாய் கருகிய வயரிங்கை முழுதாக உருவி வெளியே போட்டார். "வண்டி வருசத்தச் சொல்லி செட்டு கேக்காதேயும்," என்றார். "முன்ன வச்சிருந்தவன் எங்கயோ இடிச்சு, வேற வருசத்து மூஞ்சியக் கொண்டாந்து மாட்டியிருக்கான். பாடியும் நீட்டிக் கெட்டியிருக்கான். கடைக்காரன்ட்ட இதையே காட்டணும். நாளைக்கு குர்லாவுல பார்ட்ஸ் கடைக்குக் கொண்டாரும்."

அதைச் சாக்கில் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். கருகல் வாடை சமையலில் ஏறும் என்று சாக்கின் வாயைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இங்கேதான் தவறு நடந்தது. எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. வாய் திறந்த சாக்கு வாசலில் இருந்தால் அது வீட்டுச் சாமான், யாரும் தொடமாட்டார்கள். வாய் கட்டிய சாக்கு இருந்தால் அது பழைய சாமான். பங்கார்க்காரன், அதாவது பழைய சாமான் எடுப்பவன், கதவைக்கூடத் தட்டாமல் எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஏதாவது பிளாஸ்டிக் சாமான் வைத்துவிட்டுப் போவான். இது தெரியாதவனல்ல நான். அன்று புத்தி வண்டியில் இருந்தது.

மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல் வேலை முடித்து வந்த என் மனைவி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"ஏங்க, பச்ச வாளி எப்ப வாங்குனிய? நல்லாத்தான் இருக்கு."

நான் வாளியைப் பார்த்தேன். சாக்கு இருந்த இடத்தைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே அவள் விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

"வாயக் கெட்டியா வச்சிய? ஒங்க வாயிதான் எப்பவும் கெட்டிக் கெடக்குன்னு பாத்தா, சாக்கு வாயையும் கெட்டிட்டியளே!"

வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். பங்கார்க்காரர்கள் வயரைக் கொண்டுபோய்ப் போடும், செம்பு உரிக்கும் இடம் ரயில் பாதைப் பக்கம் இருந்தது. எத்தனையோ முறை அதைத் தாண்டி வண்டி ஓட்டியிருக்கிறேன், உள்ளே போனதில்லை. உள்ளே நுழைந்ததும் என் கால் நின்றுவிட்டது.

தரையிலிருந்து தகரக் கூரை வரை வயர். தடித்ததும் மெலிந்ததும், கறுப்பும் சிவப்பும் மஞ்சளும். லிஃப்டில் ஓடிய வயர், மின்விசிறிக்குப் போன வயர், பூமிக்கடியில் புதைந்து கிடந்த கேபிள். இந்தப் பம்பாயின் சுவர்களுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைந்திருந்ததெல்லாம் வெளியே வந்து ஒரே அறையில் படுத்திருந்தது. ஒரு மூலையில் மெஷின் தோலை உரித்தது. உரித்த செம்பு, குளித்துவிட்டு விரித்துப்போட்ட கூந்தல் போல ஒரு பக்கம் குவிந்து மின்னியது. நம் வீட்டு விளக்கு எரிய இவ்வளவும் எங்கோ ஓடிக்கொண்டிருந்ததா என்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி அங்கிருந்தவனிடம் இந்தியில் பேசினாள். வாளியை அவன் முன் வைத்து, இது வேண்டாம், எங்கள் வயர் வேண்டும் என்றாள். அவன் சிரித்து, "அண்ணி, இந்தக் கதவுக்குள் வந்த வயருக்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. உங்களுடையது தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வாளியும் உங்களுக்கே," என்றான்.

தெரிந்தது. ஒரு மழைக்காலத்தில் ஹாரன் வயர் தொங்கியபோது, அவளுடைய பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தேன். குவியலில் அந்த மாம்பழ நிறத்தை அவள்தான் முதலில் கண்டாள். இழுத்தோம். முன்பாதி மட்டும் வந்தது. பின்பாதி ஏற்கெனவே மெஷினுக்குள் போய்ச் செம்பாகிவிட்டிருந்தது.

அடுத்த நாள் காலையில் பாதி வயரிங்கோடு பட்டறைக்குப் போனோம். பாய் தலையில் கைவைத்தார்.

"முன்பாதிய வச்சு மூஞ்சி கண்டுபிடிச்சிரலாம். வாலு எவ்வளவு நீளம், எங்கெங்க கெள பிரியுதுன்னு நான் எப்படி ஓய் கண்டேன்?"

"வண்டி இருக்குல்லா பாய்?" என்றாள் மனைவி. "வண்டியவே அளந்துட்டுப் போவோம்."

வீட்டுக்குப் போய், துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் புகுந்தேன். வயர் போன தடம் சேஸிசில் அழுக்கில்லாமல் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின் மேலே கயிற்றை வைத்துக்கொண்டே போனேன். எங்கெல்லாம் கிளை பிரிகிறதோ அங்கெல்லாம் ஒரு முடிச்சு. டீசல் டாங்கிக்கு ஒன்று, பின் இண்டிகேட்டருக்கு ஒன்று, பிரேக் லைட்டுக்கு ஒன்று. இத்தனை வருஷம் மேலே உட்கார்ந்து ஓட்டிய வண்டியை அன்றுதான் கீழே படுத்துப் பார்த்தேன்.

மூவரும் குர்லாவுக்குப் போனோம். கடைக்காரர் கயிற்றைப் பார்த்துச் சிரித்தார். வண்டி ஓட்டப்போகிறீர்களா, மாடு கட்டப்போகிறீர்களா என்று இந்தியில் கேட்டார். ஆனாலும் தேடிக் கொடுத்தார். முதலில் கம்பெனி செட். அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து விரித்ததும் கண்ணைப் பறித்தது. வயர் நுனிகளை இணைக்கும் கப்ளர்கள் வெள்ளை வெள்ளையாக, ஒரு தூசி இல்லை. எனக்கு அதையே எடுத்துக்கொள்ள ஆசை. எங்கள் பாதியைப் பக்கத்தில் வைத்தால் டேஷ்போர்டுக்குப் போகும் கப்ளர் ஒன்றும் சேரவில்லை. கயிற்றை நீட்டினால் வால் டீசல் டாங்கியோடு முடிந்துபோனது.

அடுத்து, உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய செட். எல்லாக் கப்ளரும் அச்சாகப் பொருந்தியது. வால் ஒரு முழம்தான் குறைவு. "இதான் ஓய், ஒட்டுப்போட்டுக்கலாம்," என்று பாய் சந்தோஷமாக ஒரு நுனியைப் பல்லால் கடித்து உரித்தார். உள்ளே செம்பு கரிபோலக் கறுத்திருந்தது. இன்னொரு நுனியை உரித்தார். அதுவும் கறுப்பு.

"வெள்ளத்துல முங்குன வண்டி," என்று துப்பினார். "ஆனா ஒரு வருசம் ஓடும். கம்பெனி செட்டுன்னா எல்லாத்தையும் வெட்டி ஒட்டணும். நீரே சொல்லும். ஒம்ம வண்டி."

பாயும் மனைவியும் என்னைப் பார்த்தார்கள். கடைக்காரரும் பார்த்தார். மேலே மினுங்கும் அழகும் வேண்டாம், உள்ளே கறுத்த பொருத்தமும் வேண்டாம் என்று மனதில் இருந்தது. "கயித்துப்படி... செஞ்சு தர மாட்டாங்களா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். செய்வார்கள், உங்கள் தாராவியிலேயே, என்று இடம் சொன்னார்.

ஏணியில் ஏறிப்போகும் மாடி அறை அது. ஒரு சுவர் நீளத்துக்கு மரப்பலகை சாய்த்து வைத்திருந்தார்கள். பலகை முழுக்க ஆணிகள். எதிர்ச்சுவரில் வயர்கள் நூல்கண்டு போல நிறம் நிறமாகத் தொங்கின. பலகை முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள், எங்கள் பக்கத்துப் பேச்சு. பாதி வயரிங்கை வாங்கி நிறங்களைப் பார்த்தாள். கயிற்றைப் பலகையில் நீட்டிப்பிடித்து, முடிச்சு வந்த இடத்திலெல்லாம் ஒரு ஆணி அடித்தாள்.

"அண்ணே, இந்த முடிச்சு எதுக்கு?"

"டீசல் மீட்டருக்கு."

"இது?"

"வலப்பக்க இண்டிகேட்டரு."

ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். நடுவில் ஒரு முடிச்சு. அது எதற்கென்று எனக்குப் புரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "அதுவும் இருக்கட்டும்," என்றேன். அவள் அங்கும் ஓர் ஆணி அடித்தாள்.

பிறகு அவள் ஒரு நிற வயரின் நுனியை முதல் ஆணியில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். பலகையின் கடைசிவரை நடந்தாள், திரும்பினாள், அடுத்த நிறம். தறியில் பாவு ஓட்டுவதுபோல ஓடி ஓடி வந்தாள். வாய் என் மனைவியோடு மீன் விலை பேசியது. கை ஓர் இடத்திலும் தப்பவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பலகையில் ஒரு உருவம் எழுந்தது. நடுவே தண்டு, இருபுறமும் கிளைகள், நுனியில் இரண்டு கால்கள். இரும்பையும் மரத்தையும் டயரையும் கழித்துவிட்டால் என் வண்டியில் மிச்சம் இருப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அது சுவரில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கும்பிட வேண்டும்போல இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"லாரியில ஏறியிருக்கியா தாயி?" என்று மனைவி கேட்டாள்.

"எங்கக்கா! நமக்கு லோக்கல் ரயிலுதான். எடம் கெடச்சா அதுல உக்காருவேன்."

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் பாய் புது வயரிங்கை மாட்டி முடித்தார். கப்ளர்கள் ஒவ்வொன்றும் டக்கென்று உட்கார்ந்தன. கடைசியில் ஒரு கிளை மட்டும் போக இடமில்லாமல் தொங்கியது.

"இது எதுக்கு ஓய்? இங்கன ஒண்ணுமே கெடையாதே. தப்பான செட்டோ?"

அது நான் 'இருக்கட்டும்' என்று சொன்ன முடிச்சு. மனைவி குடையை மடக்கிக் குனிந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ பாய், இது எங்க கொடிக்கயிறு அறுந்தப்ப நான் போட்ட முடிச்சுல்லா!"

பாய் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டறையில் கிடந்த ஒரு சின்ன பல்பை எடுத்து அந்தக் கிளையில் மாட்டி, மூட்டை அடுக்கும் இடத்துக்கு மேலே கட்டினார். "தங்கச்சி போட்ட முடிச்ச வீணாக்கப்பிடாது," என்றார். பிறகு பேட்டரியை இணைத்தார். "புகை வந்தா ஒடனே பிடுங்கிருவேன். அதோட தீந்துச்சு. நீரு பின்னால போய் நின்னு பாரும்."

மனைவியை டிரைவர் சீட்டில் ஏற்றினோம். எந்தச் சுவிட்சைப் போடுவது, எந்தக் காலால் எதை மிதிப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். பச்சை வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் வண்டியின் பின்னால் போய் நின்றேன்.

ஓட்டுகிறவன் தன் வண்டியின் பின்விளக்கு எரிவதைப் பார்ப்பதே இல்லை. பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பாகும் என்று ஒரு நம்பிக்கையில் மிதிப்பதோடு சரி. அந்த இடத்தில் நின்று பார்க்கிறேன். இருட்டத் தொடங்கியிருந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு என் இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே நேரத்தில் சிவந்தன. கீழே தேங்கிய தண்ணீர் சிவந்தது, எதிர்ச்சுவர் சிவந்தது, விழுகிற மழை சிவப்புச் சிவப்பாக விழுந்தது. நான் வாங்கிய நாளிலிருந்து எரிந்தே அறியாத நம்பர் பலகை விளக்கும் எரிந்தது. மேலே, அந்தக் கொடிக்கயிற்று பல்பும் எரிந்தது. அவள் காலை எடுத்தால் பிரேக் விளக்கு அணைந்தது, மிதித்தால் எரிந்தது. அத்தனை நீளம் இரும்புக்கு அடியில் அவள் கால் சொன்ன சொல் ஓடி வந்து இங்கே வெளிச்சமாகியது.

"ஏங்க, எரியுதா?" என்று முன்னாலிருந்து அவள் கத்தினாள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எரியுதா இல்லயா? வாயத் தொறந்து சொல்லுங்க! பாய் பிடுங்கப் போறாரு!"

"எரியுது!" என்று கத்தினேன். "எல்லாம் எரியுது!"

சந்தில் இருபுறமும் கதவுகள் திறந்தன. எங்கே தீ என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் மழையில் ஓடி வந்தார்கள்.