ஓர்ப்படியிடம் கேட்ட பச்சைத் தண்ணீர்

குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், என் மாட்டுக் கொட்டகையைப் போலச் சுத்தமான கொட்டகை கிடையாது. காலையும் மாலையும் பினாயில் ஊற்றிக் கழுவுவேன். அடுத்த வீட்டில் இருக்கும் என் ஓர்ப்படி, அதாவது என் கொழுந்தன் பெண்டாட்டி, ரெண்டு வாளித் தண்ணீரை விசிறிவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவாள்.

ரெண்டு கொட்டகைத் தண்ணீரும் வாய்க்காலில்தான் விழும். நாற்றம் தாங்காத ஊரார், தை பிறப்பதற்குள் தண்ணீரைச் சுத்தம் செய்து விடுங்கள், இல்லையென்றால் மாடுகளை விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் சிதம்பரத்தில் படிக்கிற பிள்ளைகள் வந்து, கொட்டகைத் தண்ணீர் தேங்கித் தெளிய எங்கள் ரெண்டு பேருக்கும் தொட்டி கட்டிக் கொடுத்தார்கள். பாக்டீரியா அழுக்கைத் தின்னுமாம். பாசி வெயிலைக் குடித்து அதற்கு மூச்சுக்காற்று கொடுக்குமாம்.

அவள் தொட்டி கிளிப்பச்சையானது, நாற்றமும் போனது. என் தொட்டி கறுப்பாகவே கிடந்தது. வடலூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவள் தொட்டியைப் பார்த்தார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டகை கழுவத் தெரியாதவளுக்கு இந்தப் பவுசா?

சிதம்பரத்துப் பெண்ணைப் பிடித்துக் கேட்டேன்.

"நீங்க ஊத்துற பினாயில்ல பாக்டீரியா செத்துப்போவுது ஆயா. அத நிறுத்திட்டு, அவுங்க தொட்டியிலேர்ந்து ஒரு கொடம் வாங்கி ஊத்துங்க. தயிருக்கு ஒறை ஊத்துற மாதிரிதான்."

உறையா! கல்யாணமாகி அவள் வந்த நாளிலிருந்து அவளிடம் உறைமோர் கேட்டு நான் போனதில்லை. வீட்டில் மோர் இல்லையென்றால் அடுத்த தெருவுக்குத்தான் போவேன்.

மார்கழியில் மாட்டு வியாபாரி வந்து என் செவலைப் பசுவின் பல்லைப் பிடித்துப் பார்த்தான். அன்றே பினாயிலை நிறுத்தி, தொட்டியை இறைத்து ஊற்றிவிட்டு, குடத்தோடு அவள் வாசலில் நின்றேன்.

"என்னாக்கா, வழி தெரியாம வந்துட்டீங்களா?"

"ஒரு கொடம் பச்சத் தண்ணி வேணும்டி."

"பச்சத் தண்ணிதானே? உள்ள பானையில இருக்கு, மொண்டு குடிங்க."

"குடிக்கிறதுக்கு இல்லடி. தொட்டித் தண்ணி!"

"அப்புடிச் சொல்லுங்க" என்று சிரித்து, குடம் ததும்ப மொண்டு கொடுத்தாள்.

என் தொட்டியும் பச்சையானது. மாடுகள் கொட்டகையில்தான் நிற்கின்றன. ஆனால் யார் பார்க்க வந்தாலும் அவள் வேலிக்கு மேலே என் தொட்டிப் பக்கம் கையை நீட்டுகிறாள்.

"அதுவா? அது நம்மகிட்ட ஒறை வாங்குனது."