வேரில் சுருட்டை, நுனியில் நேர்

அந்தப் பார்லரில் வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்ததும் ஒரு படிவம் கொடுப்பார்கள். பெயர், தொலைபேசி எண், வயது. அதற்குக் கீழே 'முடியில் உள்ள குறைகள்' என்ற தலைப்பில் வரிசையாகச் சிறு கட்டங்கள். பொடுகு, உதிர்தல், நுனிப்பிளவு, பேன், சுருட்டை. பேனுக்கு அடுத்த இடம் சுருட்டைக்கு. பேனையாவது சீப்பு வைத்து எடுத்துவிடலாம். சுருட்டைக்கு ஒரு முழு மத்தியானமும் ஒரு மாதச் சம்பளமும் வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

பதினோரு வருஷமாக இந்தப் படிவத்தை நீட்டிக்கொண்டிருந்தவள் சின்னக்கா. கடையில் வேலை செய்த பெண்களில் அவளைவிட மூத்தவள் கிடையாது. ஆனால் அவள் சேர்ந்த புதிதில் ஒரு பெரியக்கா இருந்தாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். பெரியக்கா வேலையை விட்டுப் போய் ஒன்பது வருஷமாகியும் சின்னக்கா பெரியக்காவாகவில்லை. பதவி உயர்வு விஷயத்தில் அந்தக் கடையின் தாராளம் எப்படிப்பட்டது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அவளுடைய சொந்த முடி கட்டுக்கடங்காத சுருட்டை. அப்பாவிடமிருந்து வந்தது. அண்ணனுக்கும் அதே முடிதான். அவன் மாதம் ஒருமுறை சலூனுக்குப் போய்க் குறைத்துக்கொண்டு வருவான். அத்தோடு அவன் தலைவிதி முடிந்தது. அவளுக்கோ பள்ளிக்கூடத்தில் 'பாத்திரம் தேய்க்கிற கம்பி' என்று பட்டப்பெயர், வீட்டில் விடிந்தால் சீப்போடு ஒரு மல்யுத்தம். ஒரே தகப்பன், ஒரே முடி. பையன் தலையில் இருந்தபோது அதற்குப் பெயர் முடி. பெண் தலைக்கு வந்ததும் அதற்குப் பெயர் குறை. எந்த விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்துச் சொன்னானோ தெரியவில்லை, ஊரே ஒப்புக்கொண்டுவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளியம்மா அவளை நாற்காலியில் உட்காரவைத்து முடியை நேராக்கிவிட்டார். இலவசமாக. அந்த இலவசத்தின் விலை பிறகுதான் தெரிந்தது. புதிதாக ஒரு கம்பெனியின் கிரீம் டப்பா வந்தால், வேலை செய்யும் பெண்களின் தலையில்தான் அதற்குத் திறப்பு விழா. எத்தனை நிமிஷம் ஊறவைக்கலாம், எத்தனையாவது நிமிஷத்தில் எரிச்சல் ஆரம்பிக்கிறது என்பதையெல்லாம் அந்தத் தலைகளில் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே வாடிக்கையாளர் தலைக்குப் போகும். தடவி, ஊறி, அலசி, சூடான இடுக்கியால் இழை இழையாக இழுத்து, மறுபடி தடவி, மறுபடி அலச வேண்டும். அப்புறம் மூன்று நாளைக்குத் தலை நனைக்கக்கூடாது, கட்டக்கூடாது, காதுக்குப் பின்னால்கூட ஒதுக்கக்கூடாது. கொலைக் கேஸில் ஜாமீன் வாங்கியவனுக்குக்கூட இத்தனை நிபந்தனை கிடையாது. இவ்வளவும் ஆறே மாதத்துக்கு. அதற்குள் வேர் தன் புத்தியைக் காட்டிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இடுக்கியிலிருந்து எழும் புகையில் கண் கரிக்கும், தொண்டை அடைக்கும். முதலாளியம்மா அதைப் பூ வாசனை என்று சொல்வார். எந்தப் பூ என்று யாரும் கேட்டதில்லை.

ஆனாலும் சின்னக்காவின் தலை அந்தக் கடையின் முதல்தரச் சரக்கு. யோசித்துக்கொண்டே நிற்கும் வாடிக்கையாளரிடம் முதலாளியம்மா, "இவ முடியைத் தொட்டுப் பாருங்க" என்பார். தொட்டுப் பார்ப்பார்கள். துணிக்கடையில் முந்தானையைத் தடவிப் பார்க்கிற மாதிரி, விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தும் பார்ப்பார்கள். அந்த முந்தானைக்குள் ஒரு மனுஷி இருப்பது இரண்டாம்பட்சம்.

பத்தாவது வருஷம் வந்த ஒரு டப்பா, உச்சிக்குப் பின்னால் காசு அகலத்துக்குத் தோலை உரித்துவிட்டது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, ஆறு மாதத்துக்குத் தலையில் எதையும் தடவக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். முதலாளியம்மாவும் பார்த்தார். "பின்னாடிதானே, வெளியில தெரியாது" என்று ஆறுதல் சொன்னார். கூடவே ஒரு நல்ல சேதியும் சொன்னார். பெரிய தெருவில் இரண்டாவது கிளை திறக்கப்போகிறார். அதன் பொறுப்பு சின்னக்காவுக்கு. "ஆனா தலை நேரா இருக்கணும். பொறுப்புல இருக்கறவளே இப்படி இருந்தா, வர்றவங்க என்னன்னு நம்புவாங்க?"

பொறுப்பு என்றால் உட்கார ஒரு மேசை, ஒரு நாற்காலி. மற்றவர்களுக்கு அது நாற்காலி. நாளுக்குப் பத்து மணி நேரம் நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டுபோனவளுக்கு அது சொர்க்கம். அந்தச் சுருட்டையைப் பற்றி மட்டும் முதலாளியம்மா ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

ஆறு மாதம் கழிந்தது. புண் ஆறியது. வேரிலிருந்து மூன்று விரல் அளவுக்குப் புது முடி வளர்ந்து நின்றது. ஒருநாள் குளித்துவிட்டுத் துவட்டும்போது விரலை உள்ளே விட்டாள், விரலைச் சுற்றிக்கொண்டது. இருபது வயதோடு அவள் விட்டுவந்த முடி. அடர்த்தியாக, மெத்தென்று இருந்தது. நேரான பாதியோ வைக்கோல் மாதிரி கிடந்தது. எது ஆரோக்கியம், எது நோய் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. கை படிவம் படிப்பதில்லை.

இனித் தடவுவதில்லை என்று தீர்மானித்தாள். மொத்தமாக வெட்டிவிடத் துணிச்சல் வரவில்லை. வளர வளர, மாதம் ஒரு விரல் அளவு நுனியை வெட்டிக்கொண்டே வந்தால் ஒருநாள் பழையது தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். சொல்வது சுலபம். சுருளும் நேரும் சந்திக்கிற இடம் இரண்டு சம்பந்தி வீட்டார் சந்திக்கிற இடம் மாதிரி. தொட்டால் போதும், முறிந்துவிடும். சீப்பைத் தூர வைத்துவிட்டு, ஈரத்தோடு விரலால் மட்டும் சிக்கெடுக்கப் பழகினாள்.

வீட்டில் மாமியார், "பாதியில மேஸ்திரி ஓடிப்போன கட்டடம் மாதிரி இருக்கு" என்றார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றும் சந்தேகப்பட்டார். கண் வைக்கிறவன் நுனியை விட்டுவிட்டு வேரைப் பார்த்து வைப்பானா என்று திருப்பிக் கேட்டாள் மருமகள். கணவன் பஸ் டிரைவர். அவன் பங்குக்கு, "மேல ஒருத்தி, கீழ ஒருத்தி. நான் யாரு கூடக் குடும்பம் நடத்தறேன்னு எனக்கே தெரியல" என்றான். யார் சமைத்துப் போடுகிறாளோ அவள்கூட என்றாள் சின்னக்கா.

கடையில் முதலாளியம்மா, கிளை திறக்கும்போது நேராக்கிக்கொள்ளலாம் என்று, முதலில் தலைக்குத் துணி கட்டச் சொன்னார். கட்டிக்கொண்டாள். ஒருநாள் துணி நழுவியது. நாற்காலியில் இருந்த பெண்மணி, இதென்ன இப்படி என்று கேட்டார். முதலாளியம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அது டெமோ மேடம். மேல இருக்கறது முன்னாடி. கீழ இருக்கறது நம்ம ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம். ஒரே தலையில ரெண்டையும் வேற எங்க பார்க்க முடியும்?"

அன்றோடு துணி போயிற்று. சின்னக்காவை வாசல் கண்ணாடி ஓரம் நிற்கவைத்தார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மேல்பாதியைப் பார்த்து முகம் சுளித்து, கீழ்ப்பாதியைப் பார்த்துத் தெளிந்து, உள்ளே வந்தார்கள். வியாபாரம் ஏறியது. கீழே இருப்பது கடையின் சொத்து, ஒரு இழைகூட வெட்டக்கூடாது என்று முதலாளியம்மா உத்தரவும் போட்டார். சின்னக்கா மாதம் தவறாமல், கடையின் கத்தரிக்கோலை வைத்தே, வீட்டுக் குளியலறையில் கடையின் சொத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

கிளைக்கான கட்டட வேலை இழுத்துக்கொண்டே போய் ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. விளம்பரத்தில் 'முன்னாடி' வளர்ந்துகொண்டும் 'அப்புறம்' தேய்ந்துகொண்டும் இருந்தன. ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண் உள்ளே வந்து சின்னக்காவின் உச்சியைக் காட்டி, எனக்கு மேலே இருக்கிற மாதிரி வேண்டும் என்றாள். முதலாளியம்மா சிரித்தார். அடுத்த வாரம் இன்னொருத்தி அதையே கேட்டாள், புன்னகை செய்தார். மூன்றாவது ஆள் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை, யோசித்தார்.

பதினைந்து நாளில் கொள்கை மாறிவிட்டது. 'இயற்கைச் சுருள் சிகிச்சை' என்று சுவர் உயரத்துக்குப் படம். பச்சை மூடி போட்ட புதிய கிரீம் டப்பாக்கள். படிவத்தில் பேனுக்குப் பக்கத்திலிருந்த சுருட்டையை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'உயிரற்ற நேர்முடி' என்று அச்சடித்தார்கள். உயிரற்றதாக்கியது யார் என்று சொல்ல அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை. சின்னக்காவின் தலையில் மிச்சமிருந்த நேர்முடியை முதலாளியம்மாவே தன் கையால் வெட்டி எறிந்தார். கண்ணாடியில் பார்த்தபோது சின்னக்காவுக்குக் கண் கலங்கியது. தோளுக்கு மேல், காற்றில் அசைந்துகொண்டு, முழுசாக அவளுடைய தலை. மேசையும் நாற்காலியும்கூடக் கண்ணில் தெரிந்தன.

கிளைப் பொறுப்பு உனக்குத்தான் என்றார் முதலாளியம்மா. ஒரே ஒரு நிபந்தனை. யார் கேட்டாலும் பச்சை டப்பா போட்டுத்தான் இப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சின்னக்கா தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அந்தச் சமயம், கிளை திறந்த முதல் நாளே வந்தது. முதல் வாடிக்கையாளர் ஒரு வங்கி அதிகாரி. அந்த அம்மாளின் உச்சியில் இடுக்கிச் சூட்டில் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. சின்னக்காவையே பார்த்துக்கொண்டிருந்தவர், என்ன போட்டீர்கள் என்று கேட்டார். அந்தத் தோலைப் பார்த்த பிறகு சின்னக்காவின் வாயில் பச்சை டப்பா வரவில்லை.

"ஒண்ணும் போடல மேடம். போட்டுக்கிட்டிருந்ததை நிறுத்தினேன்."

"அப்படின்னா?"

"அவ்வளவுதான். நிறுத்தினேன், வளர்ந்துச்சு, வெட்டினேன். காசு செலவில்ல. ரெண்டு வருஷம் பொறுத்துக்கணும்."

அதிகாரியின் முகம் இறுகியது. "சொல்ல இஷ்டமில்லன்னா இஷ்டமில்லன்னு சொல்லுங்க. உங்க ரகசியத்தை நீங்களே வச்சுக்கங்க."

விலைச்சீட்டு ஒட்டாத சரக்கை அந்த அம்மாள் வாழ்நாளில் நம்பியதில்லை. முதலாளியம்மா பாய்ந்து வந்தார். அவளுக்குக் கூச்ச சுபாவம், விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சமாளித்துப் பச்சை டப்பா இரண்டை விற்றார். அதிகாரி நிம்மதியாகப் போனார்.

கடை மூடியதும் முதலாளியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உண்மை பேசணும்னா கோர்ட்டுக்குப் போ. இது கடை" என்று மட்டும் சொன்னார். மறுநாள் மேசைக்குப் பின்னாலிருந்த அந்த நாற்காலியில் அவருடைய தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள்.

தம்பி மனைவியின் முடி முதுகு நீளத்துக்குத் தட்டை. அதை வருஷக்கணக்காக நேராக்கியது சின்னக்காவின் கைதான். ஆனால் சுருள் சிகிச்சைக் கிளையின் பொறுப்பாளருக்குச் சுருள் இல்லாமல் எப்படி? ஆகவே சின்னக்காவுக்குப் புது வேலை. தினமும் கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, சுடுகம்பியில் அந்த முடியைச் சுற்றிச் சுற்றிச் சுருளாக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் அது விறைத்து நிமிர்ந்துவிடும். மறுநாள் காலை மறுபடி சுற்ற வேண்டும். சின்னக்கா வேலையை விடவில்லை. டிரைவர் சம்பளத்தில் மட்டும் குடும்பம் ஓடாது. இனி எந்த டப்பாவும் என் தலையில் திறக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டாள். அவள் கைக்கு மாற்றுக் கை கிடைக்காததால் முதலாளியம்மா அதற்கு ஒப்புக்கொண்டார்.

ஒருநாள் காலை, சுருட்டும் வேலை ஏறக்குறைய முடிந்திருந்தபோது, தம்பி மனைவி கண்ணாடியில் சின்னக்காவின் தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, நான் இதெல்லாம் விட்டுட்டா எனக்கும் உங்களை மாதிரி வருமா?"

"உங்களுக்கு முதல்ல எப்படி இருந்துச்சு?"

"தெரியல. அலை அலையா இருக்கும்னு அம்மா சொல்வாங்க. எனக்கு ஞாபகமில்ல."

"அப்ப அதுதான் வரும். என்னோடது வராது."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு வருஷம். அதுவரைக்கும் பார்க்கறவங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போவாங்க."

தம்பி மனைவி தன் உச்சியில் விரலை வைத்துப் பார்த்தாள். வேரில் லேசாக ஒரு வளைவு முளைத்திருந்தது. அதை விரலால் அழுத்திப் படியவைத்தாள்; படியவில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"இடது பக்கம் ரெண்டு சுருள் விட்டுப்போச்சு. சீக்கிரம்" என்றாள்.

சின்னக்கா கம்பியை எடுத்தாள்.