எங்கள் பூனையும் சைவம்

அன்றைக்குத் தென்காசி மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார். மெஸ் அண்ணாச்சி இருந்தார். நான் இருந்தேன். என் கையில் அண்ணாச்சியின் பூனை இருந்தது. குற்றாலத்தில் கொட்டகை போட்டு எண்ணெய் தேய்த்துவிடுவது என் வேலை. என் பிடியிலிருந்து யாரும் நழுவியதில்லை. அதனால் அண்ணாச்சி என்னைக் கூட்டிப் போனார்.

அண்ணாச்சியின் மெஸ் சுத்த சைவம். வாசல் போர்டில் 'எங்கள் பூனையும் சைவம்' என்று ஒரு வரி உண்டு. சீசனில் அதைப் பார்க்கவே ஆள் வரும். பூனைக்கு மூன்று வருடமாகத் தயிர்சாதம். இப்போது பெஞ்சுக் காலில் எல்லாம் முட்டியது.

டாக்டர் அதன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்ன குடுக்கிய?"

"தயிர்சாதம். வெள்ளிக்கெழம நெய்ச்சோறு."

"எலி பிடிக்குமா?"

"எங்க மெஸ்ல எலி கெடயாது சார்."

"அதான் கண்ணு போவுது. டாரின்ங்கிற ஒரு சத்து. மீன்லயும் கறியிலயும்தான் இருக்கு. நாய் உடம்பு அதத் தானே செஞ்சிக்கிடும். பூனைக்கு அது முடியாது."

"பன்னீர் குடுக்கட்டா?"

"பத்தாது."

"பருப்பு?"

"அண்ணாச்சி, மீன் குடுங்க. போன பார்வை போனதுதான். மிச்சமாவது நிக்கும்."

வெளியே வந்ததும் அண்ணாச்சி சொன்னார். "வே, உம்ம கொட்டகையில வச்சுக் குடுத்திரும். எனக்குக் காட்ட வேண்டாம்."

மறுநாள் நெத்திலியை அவித்து வைத்தேன். பூனை முகர்ந்தது. தட்டை விட்டுவிட்டுத் தரையை நக்கியது. அண்ணாச்சி மூக்கில் துண்டை வைத்து, சுவரைப் பார்த்து நின்றார்.

"தின்னுதா?"

"தேடுது."

"தேங்கா எண்ணெ ஊத்திப் பாருமே."

"அது மீனு அண்ணாச்சி. தலை இல்ல."

தினமும் மத்தியானம் இப்படி இரண்டு மாதம். போர்டில் இருந்த அந்த வரியை அவரே தேங்காய் நார் வைத்துத் தேய்த்து அழித்தார். பூனை என்ற சொல் மட்டும் சரியாகப் போகவில்லை.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். அண்ணாச்சியே மீன் வாங்கப் போனார். பிறந்ததிலிருந்து முதல் தடவை. "இருவது நெத்திலி குடும்மா" என்றாராம்.

"ஏ அண்ணாச்சி, இது என்ன வடையா?" என்றாளாம் மீன்காரி. ஆனாலும் எண்ணித்தான் கொடுத்தாளாம்.

காய்ச்சலோடே அவித்து, ஆறுவதற்கு இலையில் பரப்பினேன். பூனை வந்தது. வழியில் கிடந்த எண்ணெய்த் தகரத்தை மீசையால் தடவிச் சுற்றி வந்தது. முட்டவில்லை. நேராக இலைக்கு வந்து, ஒன்றைக் கவ்விக்கொண்டு மூலைக்குப் போனது.

அண்ணாச்சி சுவரைப் பார்த்தபடி கேட்டார். "வே, இருவதும் சரியா இருக்கா? எண்ணிப் பாரும்."

இலையில் இருந்ததை எண்ணினேன்.

பத்தொன்பது.